மூன்றரை மணி பஸ்

முதல் அம்புக்குறி அழியாமல் இருந்தது.

செல்வநாதன் அதைப் பார்த்தபடியே நின்றான். ஆறு வாரமாக மலையில் நல்ல மழை. காலையில் ஆலங்காயத்தில் பஸ் மாறும்போது டீக்கடைக்காரர்கூட மழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அப்படியிருக்க, நெல்லிவாசல்நாட்டிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில், மேலே ஒரு கிளைகூட மறைக்காத மொட்டைப் பாறையில், வெறும் சாக்பீஸால் போட்ட அம்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. அதன் அடியில் இரண்டு எழுத்துகள். பி. செ. பிலிப்ராஜ், செல்வநாதன்.

பையிலிருந்து துணியை எடுத்து நனைத்துத் துடைத்தான். இதற்காகத்தான் மெட்ராஸிலிருந்து ராத்திரி ரயில் பிடித்து வந்திருந்தான்.

புத்தகம் போடுவது பிலிப்ராஜின் யோசனை. மெட்ராஸில் இருப்பவன் சனிக்கிழமை ராத்திரி கிளம்பி, ரயிலிலும் பஸ்ஸிலும் போய், ஒரு மலையில் நடந்துவிட்டு, ஞாயிறு இரவுக்குள் திரும்ப முடிகிற இருபது பாதைகள். எந்த பஸ், எங்கே இறங்குவது, எங்கே தண்ணீர் கிடைக்கும், எல்லாம் இருக்கும். பிலிப்ராஜ் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். சட்டைப்பையில் எப்போதும் சாக்பீஸ் கிடக்கும். பாதை பிரியும் இடத்திலெல்லாம் அம்பு போட்டு இருவரின் முதலெழுத்தையும் எழுதுவான். "பாதி உன்னுதுடா," என்பான். பதினெட்டுப் பாதை முடிந்திருந்தது. இது பத்தொன்பதாவது.

ஆறு வாரத்துக்கு முன், பாதி வழியில் பிலிப்ராஜின் கணுக்கால் பிசகியது. மழையும் பிடித்துக்கொண்டது. அடிவாரத்தில் மூன்றரை மணிக்கு ஒரு பஸ். அதை விட்டால் ரயில் இல்லை. ரயிலை விட்டால் செல்வநாதன் வேலை பார்த்த அச்சகத்தில் இரவு பத்து மணி ஷிஃப்டுக்குப் போக முடியாது. ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியிருந்தான். பிலிப்ராஜை ஒரு தட்டைப் பாறையில் உட்காரவைத்து, கீழே போய் ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு ஓடினான். வந்து சேர்ந்தபோது பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. ஏறிவிட்டான். வாணியம்பாடியில் யாரிடமாவது சொல்லலாம் என்று நினைத்தான். அங்கே ரயில் கிளம்பத் தயாராக இருந்தது. மறுநாள் சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அதனால் சொல்லவே இல்லை. மேலே ஊரிலேயே பிரிந்துவிட்டோம், அவன் படவேடு பக்கம் இறங்குவதாகச் சொன்னான் என்று பிலிப்ராஜின் மனைவி ஞானமேரியிடம் சொன்னான். போலீஸிலும் அதையே சொன்னான். தேடியவர்கள் படவேடு பக்கமே தேடினார்கள். அச்சக வேலை அடுத்த வாரமே போய்விட்டது, வேறு காரணத்தால்.

அம்புகளைப் பற்றி ஞானமேரிக்குத் தெரியும். வரும் ஞாயிறு அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்து இந்த மலையின் எல்லாப் பாதைகளிலும் நடக்கப் போகிறாள். இந்தப் பாதையில் ஒரே ஒரு 'செ' கண்ணில் பட்டால் போதும். அவன் கதை முடிந்தது.

இரண்டாவது அம்பையும் மூன்றாவதையும் துடைத்தான். நான்காவதில் துணியை வைத்தபோதுதான் உறைத்தது. இந்த இடத்தில் பாதை பிரியவே இல்லை. இங்கே அவர்கள் அம்பு போடவும் இல்லை.

"இன்னா சாமி, கல்ல தொடச்சிகினு கீறீங்க?"

கீழேயிருந்து ஒரு பெண் ஏறி வந்தாள். நாற்பது வயதிருக்கும். தலையில் அரிசி மூட்டை. பெயர் செல்லியம்மாள் என்று அவன் கேட்காமலே சொன்னாள்.

"சும்மாதாம்மா. அழுக்கா இருந்துச்சு."

"காட்டுக் கல்லுல அழுக்கு." சிரித்தாள். "மெட்ராஸா? அங்க நடக்கறதுக்கு ரோடு இல்லியா, பஸ்ஸு ஏறி வந்து இங்க நடக்கறீங்க? சரி, போறதுதான் போறீங்க, ஒரு கொத்து தழ ஒடிச்சிக்கோங்க. கீழ தட்டப்பாற மேல போட்டுட்டுப் போங்க."

"எதுக்கு? யாராவது செத்துட்டாங்களா?"

"செத்தவங்களுக்குப் போடறது இல்ல சாமி. வழியில ஒருத்தர வுட்டுட்டுப் போய்ட்டா, வுட்டுட்டுப் போன ஆளு வர்ற வரைக்கும், அந்தப் பக்கமா போறவங்க தழ போடணும். குளிருமில்ல."

"அங்க ஆள் இருக்கா?"

"ஆளு இல்ல. ஒரு ஷூ கெடந்துச்சாம், எம்மாமன் பாத்தாரு. பாறயில வெள்ளையா கோடு இழுத்திருந்துச்சு. நாளு எண்ற மாரி. பதினொண்ணு."

பதினொன்று. செல்வநாதன் மனத்துக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். அந்தப் பதினோரு நாளில் அவன் என்னென்ன செய்தான் என்பது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒரு சினிமா பார்த்திருந்தான்.

"வுட்டவன் வந்தா இன்னா பண்ணணும்?" என்றான். அவள் பேச்சு அவன் வாயில் ஒட்டிக்கொண்டது.

"தழைய எடுத்துட்டு, தூக்கிகினு போவணும். வேற இன்னா. அவன் கை மட்டுந்தான் அந்தத் தழைய எடுக்கலாம்." மூட்டையைச் சரிசெய்துகொண்டாள். "வந்தான்னா எங்களுக்கும் ஒரு வேல மிச்சம். வர்றேன் சாமி."

அவள் காலடிச் சத்தம் மேலே போய்த் தேய்ந்தது. அவன் தழை ஒடிக்கவில்லை.

அதற்குக் கீழே மூங்கில் காடு. மேகம் மரத்துக்கு மரம் இறங்கி வந்து தொங்க, உச்சிவேளையிலும் வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் போலக் கலங்கிக் கிடந்தது. மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசும் முனகலும், மக்கிய இலையின் நெடியும், அதற்கடியில் பள்ளிக்கூட வகுப்பறையை நினைவுபடுத்துகிற உலர்ந்த மாவு வாசனையும் அவனோடு கூடவே வந்தன. கொஞ்சம் தள்ளி, பாதைக்கு வெளியே, எதுவோ கல்லில் கீறியது. அவன் நின்றால் அதுவும் நின்றது. மரங்கொத்தி என்று முடிவு செய்துகொண்டான். மரங்கொத்தி கல்லைக் கொத்தாது என்பதும் அவனுக்குத் தெரியும்.

அம்புகள் நெருங்கி வரத் தொடங்கின. பத்தடிக்கு ஒன்று. பிறகு ஐந்தடிக்கு ஒன்று. துடைத்துத் துடைத்துத் துணி வெள்ளைக் கூழாகிவிட்டது. எந்த அம்பிலும் 'பி' இல்லை. 'செ' மட்டும்.

தட்டைப் பாறை அவன் நினைத்ததைவிடச் சிறியது. அதன்மேல் இடுப்பு உயரத்துக்குத் தழை. அடியில் கறுத்து மக்கியவை, நடுவில் காய்ந்தவை, உச்சியில் செல்லியம்மாள் வைத்த பச்சைக் கொத்து. அதிலிருந்து இன்னும் பால் வடிந்துகொண்டிருந்தது.

போய்விடலாம். ஆனால் தழைக்கு அடியில் பதினோரு கோடுகள். ஞானமேரிக்கு அந்தக் கையெழுத்து தெரியும். கோடுகளோடு வேறு என்ன எழுதியிருப்பான்? சாக்பீஸோடு விட்டுவந்தவன் என்ன எழுதியிருப்பான் என்ற கேள்விதான் ஆறு வாரமாக அவனைத் தூங்கவிடாமல் செய்திருந்தது. யார் விட்டுவிட்டுப் போனது என்று எழுதியிருந்தால்?

பையைக் கழற்றிப் பாறையோரம் வைத்தான். இரண்டு கையாலும் தழையை அள்ளிக் கீழே தள்ளினான். அடியிலிருந்த இலைகள் வெதுவெதுப்பாக இருந்தன. யாரோ இப்போதுதான் எழுந்துபோன பாய் மாதிரி.

பாறை தெரிந்தது. ஷூ இல்லை. எலும்பு இல்லை. பதினோரு கோடுகள். முதல் கோடு ஸ்கேல் வைத்ததுபோல நேராக, டிராயிங் மாஸ்டரின் கோடு. கடைசிக் கோடு கோணி, நடுங்கி, பாதியில் நின்றிருந்தது. பக்கத்தில் ஒரு அம்பு. அது பாதையைக் காட்டவில்லை. அவன் நின்றுகொண்டிருந்த இடத்தைக் காட்டியது.

அழுத்தித் தேய்த்தான். எல்லாம் போயிற்று. சுத்தமான பாறை.

அப்போதுதான் செல்லியம்மாள் சொன்னது காதில் விழுந்ததுபோல இருந்தது. அவன் கை மட்டுந்தான்.

கீறல் சத்தம் நின்றிருந்தது. மூங்கிலும் அசையவில்லை.

நடந்தான். பிறகு ஓடினான். வழியில் ஓர் அம்புகூட இல்லை. பாதை சுலபமாக இருந்தது. தோள் மட்டும் கனத்தது. மழையில் பை நனைந்துவிட்டது என்று நினைத்தான். பை கீழே இழுத்தது. ஒவ்வொரு இறக்கத்திலும் இன்னும் கொஞ்சம். வார் கழுத்தை அறுத்தது. தூக்கிவிட்டுக்கொள்ளக் கையைப் பின்னால் கொண்டுபோனான்.

மழையே பெய்யவில்லை.

பையைப் பாறையோரம் வைத்தது நினைவுக்கு வந்தது.

எடுக்கவில்லை.

கையை முன்னால் கொண்டுவந்துவிட்டான். திரும்பவில்லை. ரோடு தெரிந்தது. கரும்பு வயல். புளியமரம். மூன்றரை மணி பஸ். ஹாரன். ஓடினான். முதுகில் ஏதோ அவனோடு சேர்ந்து குலுங்கியது. காதுக்குப் பக்கத்தில் மூச்சு. சாக்பீஸ் வாசனை.

கம்பியைப் பிடித்துப் படியில் ஏறினான். பஸ் நகர்ந்தது. உள்ளே முகங்கள். வெற்றிலை. டீசல். மனிதர்கள். அழுகை முட்டியது.

கண்டக்டர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தோளுக்கு மேலே பார்த்தார்.

"சார், அவரு கால உள்ள இழுத்துக்கச் சொல்லுங்க. வெளிய தொங்குது பாருங்க, ரோட்ல ஒரசும். ஏற்கெனவே வீங்கிக் கெடக்குது."

முன் சீட்டில் இருந்த ஒரு பெண், குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.

செல்வநாதன் குனிந்து பார்த்தான். அவன் நெஞ்சின்மேல் இரண்டு கைகள் கோத்திருந்தன. விரல் நுனிவரை வெள்ளை மாவு. நகங்கள் கல்லில் தேய்ந்து போயிருந்தன. வலது கை மெல்லப் பிடியை விட்டது. ஆள்காட்டி விரல் அவன் சட்டையில், பட்டனுக்குப் பக்கத்தில், ஸ்கேல் வைத்ததுபோல நேராக, முதல் கோட்டை இழுத்தது.