கமா சாரின் மூச்சு

பழைய வானொலி நிலையத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது பகல் மூன்று மணி. வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் கட்டடத்துக்குள் அது நுழையவில்லை. ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்திருந்தார்கள். அடுத்த வாரம் இடிக்கப் போகிறார்களாம்.

"தனியாவா வந்தீங்க? உள்ள ஈ காக்கா கிடையாதும்மா" என்றார் காவலாளி.

"ரெண்டு டேப் எடுக்கணும். அரை மணி நேரம்தான்."

"மூணாம் ஸ்டூடியோவுல மட்டும்தான் கரன்ட் இருக்கு. நான் கேட்டுலயே இருக்கேன். ஆனா உள்ள இருந்து நீங்க எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேக்காது, சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

அவள் இருபத்தாறு வருடமாகச் செய்தி வாசிக்கிறாள். வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் இறந்து ஐந்து வாரம் ஆகிறது. நாளை அவருக்கு அரை மணி நேர அஞ்சலி நிகழ்ச்சி. அவர் குரல் இருக்கும் டேப்புகள் எல்லாம் இன்னும் இங்கேதான் கிடந்தன.

நிலையத்தில் எல்லோருக்கும் அவர் கமா சார். "கமாவுக்கு ஒரு மூச்சு, முற்றுப்புள்ளிக்கு ரெண்டு மூச்சு. நடுவுல இழுத்தா கேக்குறவனுக்கு மூச்சு முட்டும்" என்பார். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால்கூட முதலில் பேனாவை எடுத்து ஒரு கமா போட்டுவிட்டுத்தான் தேதியைப் பார்ப்பார். அவளைக் குருவி என்று கூப்பிட்டார். அப்படிக் கூப்பிட உலகத்தில் வேறு யாரும் இல்லை. அப்பா அம்மா போய், அண்ணன் வெளிநாடு போய், பூட்டிய வீட்டைத் தானே திறந்து தானே விளக்குப் போடும் வாழ்க்கை அவளுடையது.

இருந்தும் கடைசி இரண்டு வருடம் அவள் அவரைப் பார்க்கப் போகவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். தொண்டையில் ஆபரேஷன் செய்து, மூச்சு விடக் கழுத்தில் துளை போட்டு, அவருக்குக் குரலே போய்விட்டது என்பது சாவு வீட்டில்தான் தெரிந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று வீட்டில் எழுதிக் காட்டிவிட்டாராம்.

மூன்றாம் ஸ்டூடியோவின் கனத்த கதவு பின்னால் மூடிக்கொண்டது. பழைய கம்பளத்தின் புழுக்க வாசனை. டேப்புகளிலிருந்து வினிகர் போல ஒரு புளித்த நெடி. எந்தச் சத்தமும் இல்லை. தன் கழுத்து நரம்பு துடிப்பது தனக்கே கேட்கும் அமைதி.

சார் கையெழுத்தில் 'பயிற்சி' என்று எழுதியிருந்த டேப்பை மிஷினில் மாட்டி, ஹெட்போனை வைத்துக்கொண்டாள்.

"மறுபடி" என்றது அவர் குரல்.

இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய அவள் குரல், படபடவென்று வாசித்தது.

"குருவி, யாரும் துரத்தல. மெதுவா."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. டேப் ஓடி முடிந்தது. மிஷினை நிறுத்தினாள். இரண்டு சக்கரங்களும் நின்றன.

ஹெட்போனில் யாரோ மூச்சு விட்டார்கள்.

மிஷினின் இரைச்சல் என்று நினைத்தாள். சுவிட்சை அணைத்தாள்.

மூச்சு நிற்கவில்லை.

மெல்லிய மூச்சு. உள்ளே போகும்போது ஒரு சின்ன விசில். வெளியே வரும்போது ஈரமான ஒரு கரகரப்பு. வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ வருகிற மூச்சு இல்லை அது.

அவள் ஹெட்போனைப் பிடுங்கி மேஜையில் போட்டாள். இந்த மூச்சை அவளுக்குத் தெரியும்.

போன வருடம், பகல் செய்தி முடித்து அவள் வெளியே வரும் ஒன்றேகால் மணிக்கு, தெரியாத எண்ணிலிருந்து தினமும் ஓர் அழைப்பு வரும். ஹலோ, ஹலோ என்பாள். பதில் இருக்காது. இதே விசில், இதே கரகரப்பு. பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள், "வெட்கமா இல்ல? செத்துத் தொலையேன்!" என்று கத்திவிட்டு அந்த எண்ணை முடக்கிவிட்டாள்.

நடைபாதைக்கு ஓடி வந்து சாரின் மகளுக்குப் போன் செய்தாள்.

"அப்பா எனக்கு எப்பவாவது போன் பண்ணாராம்மா?"



"தினமும் பண்ணுவாரேக்கா. என் பழைய போன் ஒண்ணு அவர்கிட்ட இருந்துச்சு, வேற நம்பர். உங்க செய்தி முடிஞ்சதும் போடுவாரு. பேச முடியாதேப்பா, எதுக்குன்னு கேட்டா, 'அவ ஹலோ சொல்றதைக் கேட்டாப் போதும்'னு எழுதிக் காட்டுவாரு."

"நான்... என்ன சொன்னேன்னு சொன்னாரா?"

"நீங்க என்ன சொன்னீங்கன்னு கேட்டேன். 'அவ நல்லா இருக்கா'ன்னு மட்டும் எழுதினாரு. அப்புறம் உங்களுக்கு லைனே போகல. ஆனாலும் தினமும் போட்டுப் பாத்துக்கிட்டே இருந்தாரு, கடைசி நாள் வரைக்கும்."

போனை வைத்துவிட்டு அவள் அந்த இருட்டு நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடிப் போய்விடலாம். கேட்டில் காவலாளி இருக்கிறார், வெளியே வெயில் இருக்கிறது.

திரும்பிப் பார்த்தாள்.

ஸ்டூடியோ கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

உள்ளே ஒலிப்பதிவு நடக்கும்போது மட்டும் எரிகிற விளக்கு.

உள்ளே யாரும் இல்லை.

கால் வெளியே போகச் சொன்னது. அவள் கதவைத் தள்ளினாள்.

வாசிப்பவர் நாற்காலி மேஜையிலிருந்து ஒரு முழம் பின்னுக்கு இழுத்து, அவளுக்காகப் போட்டிருந்தது. ஹெட்போன், வயர் சுருட்டி, அதன் முன்னால் வைக்கப்பட்டிருந்தது. அவள் உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டினாள்.

மூச்சு காத்திருந்தது.

கைப்பையிலிருந்த இன்றைய செய்தித்தாளை விரித்து, முதல் பக்கத்தை வாசிக்கத் தொடங்கினாள். குரல் உடைந்தது. கமா வந்தது. அவள் நிறுத்தினாள்.

காதுக்குள் ஒரு மூச்சு.

முற்றுப்புள்ளி.

இரண்டு மூச்சு.

அடுத்த வரியில் அவள் வேண்டுமென்றே கமாவைத் தாண்டி ஓடினாள். காதுக்குள் மூச்சு திணறியது. விசில் கீச்சென்று உயர்ந்தது, நெரிபடுகிற மாதிரி. அவள் அலறிக்கொண்டு நிறுத்தினாள். மூச்சு மெல்லத் தணிந்தது.

"சார்" என்றாள். "நீங்கன்னு தெரியாம சொல்லிட்டேன் சார். சத்தியமாத் தெரியாது."

ஒரு மூச்சு. ஒன்றே ஒன்று.

அதற்குப் பிறகு எதுவும் இல்லை. வெறும் அமைதி. அந்த அமைதிதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது. "சார், போயிட்டீங்களா?" என்று கேட்டபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ, காவலாளி வந்து தோளைத் தொட்டபோது மணி ஐந்தாகியிருந்தது.

மறுநாள் புதிய நிலையத்தில் அஞ்சலி நிகழ்ச்சி, நேரலை. அவள் மட்டும் உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன மாதம் வேலைக்குச் சேர்ந்த ஒலிப்பொறியாளர். சாரை அவர் பார்த்ததே இல்லை. தொடங்க இருபது நொடி இருக்கும்போது அவர் உள்ளே பேசுவதற்கான பொத்தானை அழுத்தினார்.

"அக்கா, உங்க குரல் லெவல் சரியா இருக்கு. பக்கத்துல உக்காந்திருக்காரே பெரியவர், கழுத்துல துணி சுத்திக்கிட்டு, அவரும் பேசுவாரா? அவர் மைக்கைத் திறக்கட்டுமா?"

அவள் பக்கவாட்டில் திரும்பவில்லை. திரும்பினால் அங்கே யாரும் இல்லாமல் போய்விடக்கூடும்.

"திறந்து வைங்க" என்றாள்.