துடைப்பம் வந்துச்சா?

ஜூலை மாத வெயிலில், கம்பியில் தொங்கியபடி மலையேறும் லிஃப்டின் ஒரு நாற்காலி உறைபனியோடு மேலே வந்தது.

மலையேற வந்தவர்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் நாய்களையும் மேல் நிலையத்தில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்த வெண்டலின், கையிலிருந்த ரொட்டியைத் தவறவிட்டான். இரண்டு பேர் உட்காரும் அந்த இருக்கையில் இடது பக்கம் ரோஸ்விதா. வலது பக்கம் யாருமில்லை. ஆனால் அந்தப் பக்கத்துப் பலகை, ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு வெள்ளையாக உறைந்திருந்தது. அவள் இறங்கி, வழக்கம்போல ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"துடைப்பம் வந்துச்சா?"

"வந்துச்சும்மா. அன்னைக்கே சொன்னேனே."

தலையாட்டிவிட்டு அடுத்த நாற்காலியில் கீழே போனாள்.

ஆஸ்திரியாவின் டிரோல் மலையில் ஹின்டர்கார் ஒரு சின்ன ஊர். பனிக்காலத்தில் சறுக்க வருகிறவர்களால் பிழைக்கும். மற்ற மாதங்களில் மாடுகளும் சலிப்பும்தான். சாயங்காலம் கடைசி ஆள் ஏறியதும், பின்னால் வரும் காலி நாற்காலியில் கீழே இருப்பவன் ஒரு துடைப்பத்தைக் கட்டிவிடுவான். அது வந்து சேரும்வரை மேலே இருப்பவன் லிஃப்டை நிறுத்தக் கூடாது. துடைப்பம் வந்தால், வழியில் யாரும் தொங்கிக்கொண்டிருக்கவில்லை என்று அர்த்தம்.

போன பனிக்காலத்தில் ஒருநாள் வெண்டலின் காத்திருக்கவில்லை. வரிசையாகக் காலி நாற்காலிகள், எதிரே எதுவும் தெரியாத பனி, ஊரில் நண்பர்கள் ஊற்றி வைத்திருந்த பீர். சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டுச் சறுக்கி இறங்கிவிட்டான். அன்றிரவு ரோஸ்விதா அவனைத் தேடி மதுக்கடைக்கே வந்தாள். "என் வீட்டுக்காரர் ஏறினாரு. பின்னாடிதான் துடைப்பம் கட்டினாங்க, நான் பாத்தேன். அவர் இன்னும் வரல" என்றாள். "துடைப்பம் வந்துச்சும்மா, மேலதான் எங்கயாச்சும் வழி தவறியிருப்பாரு" என்று கூசாமல் சொன்னான். ஊரே விடிய விடியச் சரிவுகளில் தேடியது. தலைக்கு மேலே யாரும் பார்க்கவில்லை.

விடியற்காலையில் பனிவண்டியில் தனியாக மேலே போய் லிஃப்டை ஓட விட்டான். முதலில் ரோஸ்விதாவின் கணவர் எகோன் வந்தார். தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி, கண் திறந்தபடி, கட்டையாக. பின்னால் துடைப்பம் வந்தது. வெண்டலின் துடைப்பத்தை முதலில் எடுத்து ஒளித்தான். பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டான். செத்தவர்தான் மூடிய பிறகு திருட்டுத்தனமாக ஏறியிருக்கிறார் என்று விசாரணையில் முடிவானது.

அதற்குப் பிறகுதான் அவள் வரத் தொடங்கினாள். பனி உருகிச் சேறான ஏப்ரலில் வந்தாள். ஜூலையில் வந்தாள். செப்டம்பரில் மேய்ச்சலிலிருந்து இறங்கிய மாடுகளுக்கு நடுவே, மணிச் சத்தத்தில் அசையாமல் நின்றாள். அவள் போன மறுநாள், வெண்டலினின் சாப்பாட்டு மேசையில் எதிர் நாற்காலி ஈரமாக இருந்தது. வீடு முழுக்க நனைந்த கம்பளி வாடை. துடைத்தான், சன்னலைத் திறந்து வைத்தான். போகவில்லை.

டிசம்பரில் சறுக்குத்தளம் திறந்த முதல் நாள், மூடும் நேரத்தில், கீழ் நிலையத்திலிருந்து காஸ்பர் போன் செய்தான்.

"டேய், உன் ஆளு வந்திருக்குடா! ரெண்டு டிக்கெட் வாங்கிட்டு ஒத்தையா ஏறுது. பைத்தியம் முத்திப்போச்சு. கடைசி ஆளு அதான், பின்னாடி துடைப்பம் கட்டிட்டேன். நீ நிறுத்தினதும் நான் கெளம்பறேன், வீட்ல சூப்பு ஆறிடும்."

வெண்டலின் இந்த முறை காத்திருந்தான். பெரிய சக்கரம் முனகிக்கொண்டே சுற்றியது, தூண்களைக் கடக்கும்போதெல்லாம் கம்பி கடகடத்தது, அந்தி மங்க மங்க அறைக்குள் எங்கிருந்தோ ஈரக் கம்பளியின் வாடை ஏறியது. காலி நாற்காலி. இன்னொரு காலி நாற்காலி. அடுத்ததில் ரோஸ்விதா.

"துடைப்பம் வந்துச்சா?"

பொய் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் வாய் வேறு எதையோ சொன்னது.

"இன்னும் வரலம்மா. அன்னைக்கும் வரல. விடிஞ்சப்புறம்தான் வந்துச்சு. நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

"தெரியும். அவர் சொன்னாரு. உங்க வாயாலயே வரணும்னுதான் இத்தன நாள் காத்திருந்தாரு."

அவள் முகத்தில் கோபமே இல்லை. சந்தோஷம் இருந்தது. அதைப் பார்த்து வெண்டலின் ஓர் அடி பின்வாங்கினான். அவள் அவனைத் தாண்டி அறைக்குள் போனாள்.

அப்போது துடைப்பம் வந்தது.

எடுக்க ஓடினான். பழகிய வேலை, விட்டால் சக்கரத்தைச் சுற்றி மறுபடி கீழே போய்விடும். காம்பைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. மறுமுனையை எதுவோ பிடித்திருந்தது. விட நினைத்தான். விரல்கள் காம்போடு ஒட்டி உறைந்திருந்தன. நாற்காலி அவனை இடித்து வாரிக்கொண்டது. தரை போனது. தடுப்புக் கம்பி தானாக இறங்கியது.

தூண். இன்னொரு தூண். கீழே பள்ளம்.

பக்கத்து இருக்கை தாழ்ந்தது. ஈரக் கம்பளி.

"காஸ்பர்! லிஃப்ட் நின்னாலும் போயிடாதடா!"

கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். மேலே, மஞ்சள் சன்னலில் ரோஸ்விதா. கை பொத்தானின் மேல். நாற்காலி பள்ளத்தின் நடுவுக்கு வரட்டும் என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட் நின்றது.

கீழே விளக்கு அணைந்தது. காஸ்பரின் வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

பனி விழத் தொடங்கியது. வெண்டலின் குனிந்து பார்த்தான். அவன் மடியில் துடைப்பம். அதன் காம்பில் நான்கு கைகள்.