இன்று மாலை இறந்த ஹரோல்ட்

போன் அலறியது...!

மதிய இன்டர்வியூவுக்காக லேப்டாப் முன்னால் தனக்குத்தானே பேசிப் பார்த்துக்கொண்டிருந்த டீனா, எரிச்சலோடு எடுத்தாள்.

"ஹலோ..."

"இன்னாம்மா டீனா... நான் எப்போ செத்தேன்?"

டீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரல் ஹரோல்டுடையது. தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் இருக்கும் 'கொர்னேலியஸ் அண்ட் ஹரோல்ட் அடக்க சேவை' என்ற சவப்பெட்டிக் கடையின் இரண்டு முதலாளிகளில் ஒருவர். அந்தக் கடைக்குத்தான் டீனா வெப்சைட் செய்து, போன வாரம் ஒப்படைத்திருந்தாள்.

"அங்கிள்... இன்னா சொல்றீங்க?"

"உன் சைட்டைப் பாரு. எதிர்வீட்டுக்காரன் மாலையோட வந்து நிக்கிறான். கதவைத் தொறந்தது நானு. அவன் மயக்கம் போட்டுட்டான்!"

டீனா சைட்டைத் திறந்தாள்.

கறுப்பு பார்டர். நடுவில் ஹரோல்ட், சிரித்த முகம். கீழே...

'கண்ணீர் அஞ்சலி. திரு. ஹரோல்ட், வயது 64. இன்று மாலை நடைப்பயிற்சியின்போது சயனைடு மேட்டில் தவறி விழுந்து, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தகவல்: மனைவி ஐடா.'

சயனைடு மேடு, ஹரோல்ட் தினமும் நடக்கும் சுரங்கக் கழிவு மேடுதான். ஆனால் இன்று மாலையா...?

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். காலை பதினொன்று நாற்பது!

யாரோ ஒருத்தர் இன்று மாலை ஹரோல்டைக் கொல்லப் போகிறார். அதை டீனாவின் சைட்டில் முன்கூட்டியே எழுதியும் வைத்துவிட்டார்.

டீனாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இருபத்தாறு வயது. ஒரு வரி கோட் எழுதத் தெரியாது, தெரியும் என்று அவள் சொன்னதும் இல்லை. கோட் இல்லாமலே படத்தை, எழுத்தை, பட்டனை இழுத்து வைத்து சைட் கட்டும் டூல் ஒன்றை, மாரிகுப்பம் ரயிலில் போகவர போனிலேயே வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவள். பெங்களூரில் ஒன்பது கம்பெனி ஏறி இறங்கியாயிற்று. "கோட் தெரியாதா? அப்புறம் எப்படி டிசைனர்னு சொல்றீங்க?" ஒன்பது பேரும் ஒரே பாட்டு! பத்தாவது கம்பெனிதான், 'நீங்க செஞ்ச சைட் ஒண்ணை லைவா காட்டுங்க' என்று கேட்டிருந்தது. இன்று மதியம் ஒரு மணிக்கு, வீடியோ காலில்.

காட்ட அவளிடம் இருந்த ஒரே சைட் இதுதான்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தாள்.

கடை வாசலில் போலீஸ் ஜீப். உள்ளே இன்ஸ்பெக்டர் நளினி, ஹரோல்ட், அவர் மனைவி ஐடா. கறுப்பு கோட்டோடு பார்ட்னர் கொர்னேலியஸ்.

"வாம்மா மகராசி!" கொர்னேலியஸ் பாய்ந்தார். "உயிரோட கீற மனுஷனை சாகடிச்சிட்டியே! அப்பவே சொன்னாங்க, கோடு தெரிஞ்ச ஆளா பார்த்துக் குடுன்னு. கேட்டனா நானு?"

பத்தாவது ஆளாக இவரும் அதையே பாடுகிறார்!

"நான் போடலை சார். சைட்டை உங்ககிட்ட குடுத்ததுக்கு அப்புறம் நான் உள்ளயே போகலை..."

"கொஞ்சம் சும்மா இருங்க ரெண்டு பேரும்." நளினி அதட்டினாள். "அஞ்சலி போடணும்னா பாஸ்வேர்டு வேணும் இல்லியா? யாருக்கெல்லாம் தெரியும்?"

டீனா சுவரைக் காட்டினாள். காலண்டரில், ஈஸ்டர் தேதிக்குப் பக்கத்தில், கொட்டை எழுத்தில் பாஸ்வேர்டு!

"மறந்து பூடும்னு எழுதி வச்சேன்..." கொர்னேலியஸ் தலையைச் சொறிந்தார்.

"வெளங்கிடும். சரி, பேஜ் வெளிய வந்தது எத்தனை மணிக்கு?"

"பதினொன்றரை மேடம்." டீனா சொன்னாள்.

கொர்னேலியஸ் நிமிர்ந்தார். "பதினொன்றரைக்கு நான் சர்ச்சுல கீறேன் மேடம். அடக்க ஆராதனை. இருநூறு பேர் பார்க்க பொட்டி தூக்கினேன். பாதிரியாரையே கேளுங்க!"

"நீங்க எங்கம்மா இருந்தீங்க?" நளினி ஐடா பக்கம் திரும்பினாள்.

ஐடா முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். "வீட்டுல... சமைச்சிகினு இருந்தேன்..."

"யாராவது பார்த்தாங்களா?"

"இவரு குளிச்சிகினு இருந்தாரு..."

"அப்போ யாரும் பார்க்கலை. பாஸ்வேர்டு காலண்டர்ல கீது. தினம் சாப்பாடு எடுத்துகினு இங்க வர்றீங்க. அஞ்சலியில பேரும் உங்களுது."

"ஐயோ கர்த்தரே! குட்மார்னிங் அனுப்பறதைத் தவிர எனக்கு போன்ல ஒண்ணும் தெரியாதும்மா!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஸ்டேஷனுக்கு வாங்க, பேசலாம்."

ஹரோல்ட் குறுக்கே வந்தார். ஆறடி மூன்று அங்குல உயரம், ஒரு காலத்தில் சுரங்கக் கூரையைத் தாங்க மரம் கட்டின உடம்பு, இப்போது குழந்தை மாதிரி விசும்பியது. "அவளா என்னைக் கொல்லுவா? இந்த எடத்தை வித்துடலாம்னு இவன் கேட்டப்பகூட, நீ வேணாம்னா வேணாம்னு என் பக்கம் நின்னவம்மா அவ!"

கொர்னேலியஸ் அவர் தோளில் கை போட்டார். "அழாத ஹரோல்ட். நான் கீறேன்."

டீனா ஒரு மூலையில் பெஞ்சைப் பிடித்து லேப்டாப்பைத் திறந்தாள். சைட்டின் உள்பக்கம். அந்த அஞ்சலியைத் தேடி எடுத்தாள்.

'பிரசுர நேரம்: மாலை 6.00.'

புருவம் சுருங்கியது. மாலை ஆறா? அப்புறம் பதினொன்றரைக்கு எப்படி வெளியே வந்தது?

செட்டிங்கைத் தட்டினாள். அங்கே...

'நேர மண்டலம்: நியூசிலாந்து.'

இந்த சைட்டின் அடிப்படை வடிவத்தை நியூசிலாந்துக்காரன் ஒருவன் இலவசமாக வெளியிட்டிருந்தான். அவள் நிறத்தை மாற்றினாள். படத்தை மாற்றினாள். எழுத்தைத் தமிழாக்கினாள். கடிகாரத்தை மாற்ற மறந்துவிட்டாள்! சைட் இன்னும் நியூசிலாந்து நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. நம்மைவிட ஆறரை மணி நேரம் முன்னால். அங்கே மாலை ஆறு என்றால்...

இங்கே பகல் பதினொன்றரை!

அந்த நேரம் பார்த்து திரையில் வீடியோ கால். மணி சரியாக ஒன்று. பத்தாவது கம்பெனி!

"ஹாய் டீனா, பிரதாப் ஹியர். சைட்டைப் பார்த்தேன். லேஅவுட் சூப்பரா இருக்கு. எல்லாம் சரியா வேலை செய்யுதா? பிரச்னை ஒண்ணும் இல்லையே?"

டீனாவின் விரல் செட்டிங் மேலேயே நின்றது. ஒரே ஒரு க்ளிக். இந்திய நேரம் என்று மாற்றிவிட்டால் போதும். வேலை கையில். ஒருத்தருக்கும் தெரியாது.

வாசலில் ஐடாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

சே! ஒரே ஒரு நாள், ஒரே ஒரு விஷயம் ஒழுங்காக நடக்கக் கூடாதா?

"பிரச்னை இருக்கு சார்!" கத்திவிட்டாள். "பெரிய பிரச்னை. தப்பு என்னுது. மேடம், ஆன்ட்டியை எறக்குங்க!"

நளினி திரும்பி வந்தாள். "இன்னாம்மா?"

"பதினொன்றரைக்கு யாரும் எதையும் போடலை மேடம். முன்னாடியே எழுதி, சாயங்காலம் ஆறு மணிக்கு தானா வர்ற மாதிரி வச்சிருக்காங்க. நான் கடிகாரத்தை சரியா வைக்காததால சீக்கிரம் வந்துடுச்சு!"

திரையில் பிரதாப்பின் முகம் சுளித்தது. டீனா அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

"எழுதினது எப்போ?"

"நேத்து. நம்ம நேரத்துக்கு சாயங்காலம் அஞ்சு இருபது. இந்தக் கடை கம்ப்யூட்டர்லேர்ந்து."

"நேத்து அஞ்சு இருபதுக்கு கடையில யாரு?"

ஹரோல்ட் மெதுவாகச் சொன்னார். "நான் நடக்கப் போயிட்டேன். ஐடாவும் என்கூட வந்தா. கடையில..." தோள் மேல் இருந்த கையைப் பார்த்தார்.

கொர்னேலியஸ் கையை எடுத்துக்கொண்டார். "இன்னா எல்லாரும் என்னைப் பாக்கறீங்க? காலண்டரைப் பார்த்து எவன் வேணும்னாலும்..."

"பின்னால ஷெட்டுல இன்னா கீது?" அவர் கண் அடிக்கடி பின்கதவுக்குப் போவதைக் கவனித்த நளினி கேட்டாள்.

"பழைய பலகை மேடம்! தூசி! உங்களுக்கு ஆவாது..."

நளினி உள்ளே போனாள். அரை நிமிடம்.

"ஹரோல்ட் சார்... கொஞ்சம் வாங்க."

ஷெட் நடுவில் புத்தம் புதிய சவப்பெட்டி. வார்னிஷ் இன்னும் காயவில்லை. ஆறடி மூன்று அங்குலத்துக்குப் பெட்டி இந்தக் கடையில் சும்மா செய்து வைப்பதில்லை. அதன்மேல் சாய்த்து வைத்த சிலுவையில், வெள்ளை பெயின்ட்டில் ஹரோல்டின் பெயர். இன்றைய தேதி!

"அடப்பாவி..." பின்னாலேயே வந்த கொர்னேலியஸ் பக்கம் ஹரோல்ட் திரும்பினார். "நாலு மணிக்கு மேட்டாண்ட நானும் வரேன்னு நீ சொன்னது இதுக்குத்தானா?"

கொர்னேலியஸ் பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தார். "எடத்தை வித்தா ரெண்டு பேரும் நல்லா இருக்கலாம்னு எவ்ளோ சொன்னேன்? கேட்டியா நீ?"

"அதுக்காக முந்தின நாளே பொட்டி, சிலுவை, அஞ்சலி?" நளினியால் நம்ப முடியவில்லை. "காரியம் முடிஞ்சப்புறம் செய்யக் கூடாதா?"

"பழக்கம் மேடம்..." அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "இருபது வருஷத் தொழில். பாடி வர்றதுக்கு முன்னாடி எல்லாம் ரெடியா இருக்கணும். கடைசி நேரத்துல ஓடறது எனக்குப் புடிக்காது."

"நல்ல பழக்கம். ஸ்டேஷன்லயும் எல்லாம் ரெடியா கீது. எழுந்திரு!"

ஜீப்பிலிருந்து ஐடா இறங்கினாள். கொர்னேலியஸ் ஏறினார்.

டீனா பெஞ்சுக்குத் திரும்பினாள். பிரதாப் இன்னும் திரையில் இருந்தார்.

"ஐயாம் ஸாரி டீனா. நடந்ததெல்லாம் கேட்டேன். ஆனா டைம் செட்டிங் பேசிக் விஷயம். அதையே பார்க்கலைன்னா எப்படி? கோட் தெரிஞ்சவங்க யாரும் இந்தத் தப்பைப் பண்ணமாட்டாங்க."

இரண்டு வருடம் வேலை தேடி அலைந்த ஆத்திரம் மொத்தமும் டீனாவிடமிருந்து வெடித்தது.

"கரெக்ட் சார். கோட் தெரிஞ்சவங்க பண்ணியிருந்தா அஞ்சலி கரெக்டா ஆறு மணிக்கு வந்திருக்கும். அங்கிளும் அதுக்குள்ள செத்திருப்பாரு!"

பிரதாப் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அது... உங்க பாயின்ட் புரியுது. இருந்தாலும் கம்பெனி பாலிசின்னு ஒண்ணு..."

டீனாவின் தோளுக்கு மேலாக ஹரோல்ட் குனிந்து, லேப்டாப் கேமராவுக்குள் முகத்தை நீட்டினார். கையில் அளவு டேப்.

"சார், வணக்கம். இன்னிக்கு சாயங்காலம் செத்த ஹரோல்ட் பேசறேன். பொண்ணுக்கு வேலை குடுக்கறதைப் பத்தி நல்லா யோசிச்சு சொல்லுங்க... அதுவரைக்கும், புதுப் பொட்டி ஒண்ணு ஆள் இல்லாம சும்மா கிடக்குது. உங்க உயரம் எவ்ளோ சார்?"