உரிமையாளர் மறுத்துவிட்டார்

வண்டியைக் கிளப்பியதும் ஏசி பதினெட்டில் ஓடத் தொடங்கியது. நேற்று இறங்கும்போது அவள் அதை இருபத்தைந்தில் வைத்துவிட்டுத்தான் இறங்கினாள். நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் முந்தாநாளும் இதே கூத்துதான். பதினெட்டு அவளுடைய கணவரின் எண். அவர் இறந்து மூன்று மாதம் ஆகிறது.

பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணை ஏற்றினாள். கேபிளைச் செருகியதும் அவளுடைய போன் கார் திரையில் விரிந்தது. அவளுடைய மேப், அவளுடைய பாட்டு, அன்றைக்குப் போக வேண்டிய மூன்று வீடுகள். அவள் பிசியோதெரபிஸ்ட். மூட்டு அறுவை முடிந்தவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் அவரவர் வீட்டுக்கே போய் மறுபடி நடக்கப் பழக்குகிறவள். கார் இல்லாவிட்டால் அந்தப் பிழைப்பு இல்லை.

இரண்டு சிக்னல் தாண்டுவதற்குள் திரை ஒருமுறை இருண்டது. அவளுடைய மேப் போய், காரின் சொந்த மேப் வந்து உட்கார்ந்துகொண்டது. கேபிளைத் தொட்டுப் பார்த்தாள். கழன்றிருக்கவில்லை. திரையின் அடியில் ஒரு வரி மட்டும்: 'இந்தச் சாதனத்துக்கு அனுமதி இல்லை.'

யாருடைய அனுமதி என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் உச்சந்தலை வரை சூடேறியது.

கார் வாங்கிய நாளிலிருந்தே அவருக்கு அவள் போனைச் செருகுவது பிடிக்காது. வண்டியிலேயே எல்லாம் இருக்கும்போது அந்த வயர் எதற்கு என்பார். ரசனை வித்தியாசம் என்றுதான் அவளும் முதலில் நினைத்தாள். ஒரு வருடம் போனபிறகே விஷயம் புரிந்தது. காரின் மேப்பில் போனால் போன இடம், நின்ற நேரம், திரும்பிய வழி எல்லாம் அவர் போனுக்குப் போய்விடும். அவளுடைய போனின் மேப்பில் போனால் போகாது. ராத்திரி சாப்பிடும்போது தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார்: "மருந்துக்கடை ரோட்டுல ஒன்பது நிமிஷம் நின்னிருக்க." அவ்வளவுதான். சத்தம் போட்டதில்லை, கை நீட்டியதில்லை. அதுதான் வினை. யாரிடம் சொன்னாலும் அக்கறை என்றார்கள். அவளைப் பெற்றவளே, உன் அப்பா நான் எங்கே போனேன் என்று ஒருநாளாவது கேட்டிருப்பாரா, நீ கொடுத்துவைத்தவள் என்றாள்.

எட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் பெரும்பகுதி அந்தக் கேபிளைக் கைப்பைக்குள் ஒளித்துவைத்து வாழ்ந்திருக்கிறாள். துக்கம் கேட்க வந்தவர்கள் கையைப் பிடித்து அழுதபோது அவளுக்கு அழுகை வரவில்லை. காரில் கேபிளைப் பகிரங்கமாகச் செருகலாம் என்ற நினைப்புதான் வந்தது.

வண்டியை ஓரம் கட்டி நாத்தனாரை அழைத்தாள். அண்ணனின் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு யாரோ விளையாடுகிறார்கள், அது நீயாக இருந்தால் இத்தோடு நிறுத்திக்கொள் என்று எடுத்த எடுப்பில் பொரிந்து தள்ளினாள்.

"அண்ணனோட போன் உங்ககிட்டதான இருக்கு, அண்ணி. என்கிட்ட அவன் போட்டோ ஒண்ணு இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

வெட்கமாக இருந்தது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை. மாரடைப்பு வந்து அவர் விழுந்தது குளியலறையில். நிரம்பிய தொட்டிக்குள் அவரோடு சேர்ந்து போனும் கிடந்தது. அன்றோடு அது செத்தது. அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, இறப்புச் சான்றிதழோடும் வண்டி ஆர்சியோடும் கைப்பையிலேயே வைத்திருந்தாள். காலையில் பார்க்க வேண்டியவர்களுக்கெல்லாம் சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு நேராக சர்வீஸ் சென்டருக்கு விட்டாள்.

புது டயரின் வாசனையும் காபி மெஷினின் தீய்ந்த வாசனையும் கலந்த பெரிய கூடம். கழுத்தில் அட்டை மாட்டிய அட்வைசர் அவள் நீட்டிய காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"வண்டி உங்க பேர்லதான் இருக்கு மேடம். சிஸ்டத்தோட அக்கவுண்ட் சார் பேர்ல இருக்கு. அவர்தான் ரிலீஸ் பண்ணணும்."

"அவர் செத்துட்டார். உங்க கையில இருக்கறது அந்த சர்டிபிகேட்தான்."

"புரியுது மேடம். ஆனா செத்துட்டார்னு போடறதுக்கு இதுல பட்டன் இல்ல."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவளுக்குத் தாங்கவில்லை. கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். என் வண்டி, என் பேர், என் கையெழுத்து. அதில் நான் எந்த மேப் பார்க்க வேண்டும் என்று ஒரு பிணத்திடம் கேட்க வேண்டுமா என்றாள். அட்வைசர் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். உரிமையாளருக்கு ஒரு கோரிக்கை அனுப்பலாம். பத்து நிமிடம் பதில் வராவிட்டால் அது தானாகவே தலைமை அலுவலகத்துக்குப் போகும், அவர்கள் ஒரு வாரத்தில் விடுவித்துவிடுவார்கள். பதில் எங்கே வரப்போகிறது?

அனுப்பினார். கவருக்குள் இருந்த போன் அவர்கள் இருவருக்கும் நடுவே மேசைமேல் கிடந்தது. அதன் கண்ணாடிக்கு உள்ளே இன்னமும் ஈரம் பனித்திருந்தது. பின்னால் எங்கோ ஒரு நட்டை இறுக்கும் மெஷின் கிர்ர் என்று ஓடி நின்றது.

ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. அட்வைசரின் முகம் மாறியது. மானிட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

'உரிமையாளர் கோரிக்கையை மறுத்துவிட்டார்.'

அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: 'கடைசியாகப் பயன்படுத்தியது: இப்போது.'

மேசையில் கிடந்த போன் ஒளிரவில்லை. அதிரவில்லை. அட்வைசர் மட்டும் தன் கையை அதனிடமிருந்து மெல்ல இழுத்துக்கொண்டார்.

"மேடம், சார் நிஜமாவே..."

"நான்தான் அவர் கண்ண மூடினேன்," என்றாள்.

அப்போதே பயம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம்தான். காகிதங்களை வாரிப் பைக்குள் திணித்தாள். இந்த வண்டியை வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு இனி பஸ்ஸில் போவது, ஆட்டோவில் போவது, முடியாவிட்டால் நடந்தே போவது என்று முடிவு கட்டிக்கொண்டு கிளப்பினாள்.

பட்டப்பகலிலேயே மழை பிடித்துக்கொண்டது. தெருவிளக்கு எரியாத சாம்பல் வெளிச்சத்தில் சாலை முழுக்க பைக்காரர்களின் ஈரமான முதுகுகளாகத் தெரிந்தது. ஏசி பதினெட்டு. ஏற்றினாள். இறங்கியது. காற்றில் ஒரு வாடை வந்துகொண்டிருந்தது. மழைநாளின் பூஞ்சை வாடை என்று நினைத்து ஜன்னல் பட்டனை அழுத்தினாள். கண்ணாடி இறங்கவில்லை. மறுபடி மூச்சை இழுத்தபோது தெரிந்தது, அது பூஞ்சை அல்ல. சோப்பு. வெகுநேரம் தேங்கிக் கிடந்த தண்ணீரில் கரைந்துபோன சோப்பு.

போனைத் தாங்கியில் மாட்டி அதிலேயே மேப்பைப் போட்டாள். நேராகப் போகவும் என்றது போன். இடப்பக்கம் திரும்பவும் என்றது கார். இரண்டும் பெண் குரல்கள். நேராக. இடப்பக்கம். நேராக. கார் சத்தத்தைக் கூட்டிக்கொண்டது. அவள் குறைத்தாள். அது கூட்டிக்கொண்டது. திரையைக் கைமுட்டியால் குத்தினாள், ஒருமுறை, இருமுறை. விரல் மூட்டு தோலுரிந்து கண்ணாடியில் ரத்தக்கோடு விழுந்தது.

"நீ செத்துட்ட," என்று கத்தினாள். எட்டு வருடத்தில் அவரை ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை. "செத்துட்டடா. நான் அழக்கூட இல்ல. தெரியுமா உனக்கு? ஒரு சொட்டு வரல. எங்க போனேன், எவ்வளவு நேரம் நின்னேன்னு இனிமே நீ கேக்கவே முடியாது."

இரண்டு குரல்களும் நின்றன.

வைப்பர் மட்டும் போய் வந்தது. வண்டி பாலத்தைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. சரிவின் அடியில் சிக்னல் சிவப்பு. மூச்சு வாங்க, பிரேக்கை மிதித்து நிறுத்தினாள். முன்னால் வண்டி எதுவும் இல்லை. குடைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தன.

கைக்குட்டையால் திரையிலிருந்த ரத்தக்கோட்டைத் துடைத்தாள். துடைத்த பிறகுதான் தான் எவ்வளவு பயந்திருக்கிறோம் என்பது அவளுக்கே தெரிந்தது.

திரை வெளுத்தது. அதில் புதிதாக ஒரு வரி.

'ஓட்டுநர் 1. வரவேற்கிறோம்.'

அந்த வண்டியின் கணக்கில் அவள் ஓட்டுநர் 2.

சீட் நகர்ந்தது. உறுமலே இல்லாமல், மெதுவாக, பின்னால். அவர் ஆறடிக்கு மேல். அவருடைய கால் நீளத்துக்கு. ஸ்டியரிங் எழும்பி விலகியது. நடுக்கண்ணாடி தானாக மேல்நோக்கிச் சாய்ந்தது. அதில் இப்போது அவள் முகம் இல்லை, கூரைதான் இருந்தது. கால் விரல் நுனி வரை நீட்டிப் பிரேக்கைப் பிடித்துவைக்கப் பார்த்தாள். செருப்பு வழுக்கியது. கால் அந்தரத்தில் நின்றது.

வண்டி உருளவில்லை.

சரிவு. பிரேக்கில் அவள் கால் இல்லை. உருளவில்லை.

கதவைத் தள்ளினாள். பூட்டியிருந்தது. பெல்ட்டின் பட்டனை அழுத்தினாள். கழலவில்லை. வலப்பக்கம் மழைக்கோட்டு போட்ட ஒருவன் பைக்கை நிறுத்தியிருந்தான். கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள். கதவைத் திறங்க என்று அலறினாள். அவன் குனிந்து உள்ளே பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு அவள் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், யாரோ ஒருவருடைய முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். புருஷன் பெண்டாட்டி சண்டையில் தலையிட விரும்பாதவனின் சங்கடத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பச்சை விழுந்தது.

'வீடு. 22 நிமிடம்,' என்றது திரை.

இண்டிகேட்டர் டிக் டிக் என்று இடப்பக்கம் அடிக்கத் தொடங்கியது. அவள் கீழே பார்த்தாள். எட்டாத தூரத்தில், யார் காலும் இல்லாமல், தரைவரை அமுங்கியிருந்த பிரேக் நிதானமாக மேலே எழும்பியது. ஒரு பாதம் இடம் மாறுகிற நேரம். பிறகு அதன் பக்கத்தில் இருந்த ஆக்சிலேட்டர், அவசரமே இல்லாத ஒரு மனிதன் மிதிப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. பெடல் ரப்பரின்மேல் தண்ணீர் சொட்டியது.