பால்ராஜ் எழுதிய ஸ்க்ரிப்ட்

பால்ராஜின் மண்டை பிளந்திருந்தது!

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் டிரம் செய்யும் கம்பெனி. கம்ப்யூட்டர் அறைத் தரையெல்லாம் ரத்தம்... உடலுக்குப் பக்கத்தில், கையில் ஸ்பேனரோடு மேனேஜர் தேவராஜ்.

சாப்பாட்டு நேரம். புரோக்ராமர் ஞானசௌந்தரி கதவைத் திறந்தாள். கத்துவதற்குள் தலைமுடியைப் பிடித்து இழுத்து நாற்காலியில் தள்ளினார் அந்தப் பாவி. கழுத்தில் கத்தி!

போன வாரம் நசரத்பேட்டையில் பிரேக் போய் ஒரு பஸ் கவிழ்ந்தது. ஒன்பது பேர் செத்தார்கள். விரிசல் விட்ட டிரம்களைத் தெரிந்தே அனுப்பியவர் தேவராஜ். விரிசலைக் காட்டும் எக்ஸ்ரே படங்கள் யூனிக்ஸ் சர்வரில் இருந்தன. போலீஸில் கொடுப்பேன் என்றான் சர்வரைப் பார்த்துக்கொண்ட பால்ராஜ். செத்தான்.

இனி படங்களும் சாக வேண்டும்.

தன் மேஜையில் இருந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் பார்த்து, சர்வரில் ஃபைல் இருக்கும் வழியை மனப்பாடம் செய்திருந்தார் தேவராஜ். ஸ்லாஷ் என்ற சாய்கோடு உட்பட ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"நான் சொல்றபடியே அடி. ஒண்ணு மாறிச்சு, அறுத்துடுவேன்."

அழிக்கும் கட்டளையோடு அப்படியே அடித்தாள். திரை எதுவும் சொல்லவில்லை.

"அழிஞ்சுதா?"

"அழிஞ்சா அது ஒண்ணும் சொல்லாது சார்."

திருப்தி. ஸ்பேனர் உயர்ந்தது...

கீபோர்டைப் பிடுங்கி முகத்தில் அறைந்தாள் ஞானசௌந்தரி. மூக்கு உடைந்தது. கத்தி அவள் கையைக் கிழித்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த வாட்ச்மேன் துலுக்கானம், தடியால் தேவராஜின் முட்டியைப் பெயர்த்தார்.

இன்ஸ்பெக்டர் உலகநாதன் வந்ததும் தேவராஜ் ரத்தப் பல்லைக் காட்டிச் சிரித்தார். பால்ராஜை இவள்தான் கொன்றாள், நான் கொல்ல என்ன காரணம் இருக்கிறது என்றார்.

கையில் கட்டோடு வேறொரு கீபோர்டைச் செருகி, ஞானசௌந்தரி ஏதோ தட்டினாள். திரையில் விரிசல் விட்ட டிரம்!

தேவராஜின் முகம் செத்தது. "அழிச்சியே..."

"நீங்க சொன்னது விண்டோஸ் வழி சார். யூனிக்ஸ்ல ஸ்லாஷ் எதிர்ப்பக்கம் சாயணும். அப்படியே அடிச்சா அந்த ஃபைல் அதுக்குத் தெரியாது. அழிக்கிற கட்டளைல -f சேர்த்தேன், ஃபைல் இல்லேன்னாலும் அது வாயைத் திறக்காது. நம்ம ஆபீஸ்ல எல்லாருக்கும் ஸ்லாஷைத் திருப்பிக் கொடுத்துட்டு இருந்தது பால்ராஜ் எழுதுன ஸ்க்ரிப்ட், ஒரு குட்டி புரோக்ராம். இன்னிக்கு நான் அதை ஓட்டல."

சொல்லிவிட்டு அழுதாள்.

விலங்கு மாட்டிய தேவராஜை ஜீப்பில் ஏற்றிவிட்டார் துலுக்கானம்.

"ஜெயிலுக்குப் போற வழிய திருப்பிப் போட ஸ்க்ரிப்டு கெடையாது நைனா... குந்து!"