உப்புக் கரிக்காத வெள்ளை

மின்தடையே இல்லாத மீக்கடத்தி வடம் போட்ட பிறகு மின்சாரம் வழியில் வீணாவது என்ற பேச்சே இல்லை. கடற்காற்றாலையில் புறப்பட்டது அப்படியே சென்னைக்குப் போய் நகரத்தையே குளிர வைத்தது. தூத்துக்குடி உப்பளத்துக்கு அடியில் மட்டும் இழப்பு காட்டியது.

வடத்தைப் பழுதுபார்க்க உப்பளத்துக்கு வந்திருந்த சண்முகக்கனி கையிலிருந்த இழப்புமானியை முறைத்தாள். மாலையில் நகரம் மின்சாரத்தை உறிஞ்சும்போது இழப்பு இறங்குகிறது, உச்சிவெயிலில் ஏறுகிறது. அப்படியென்றால் இது மின்சாரத்தின் வேலையில்லை. வடத்தைக் குளிரவைக்க அதைச் சுற்றி ஓடும் திரவ நைட்ரஜனுக்குள் சூடு இறங்குகிறது. குளிர் காக்கும் உறை எங்கோ விரிசல் விட்டிருக்கிறது.

"பறக்கும் கண்ல மேலேருந்து பாத்தா ஒண்ணும் தெரியலம்மா," சென்னையிலிருந்து காதுக்குள் மேற்பொறியாளர் ராஜகோபால். "எல்லாம் வெள்ளையா இருக்கு."

"உப்பளம் வெள்ளையாத்தான் சார் இருக்கும். ஏசியில உக்காந்து பாத்தா அவ்வளவுதான் தெரியும்."

வரப்பில் உப்பு வாரும் பெண்கள் வரிசையாக விழுந்து கிடந்தார்கள். கனி மானியை இடுப்பில் செருகினாள். அவள் அம்மா வெயிலில் சுருண்டு விழுந்து செத்ததும் இப்படியொரு வரப்பில்தான். ஓடினாள்.

"சாவல தாயி," ஒருத்தி ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். "கஞ்சி குடிச்சிட்டுப் படுத்திருக்கோம்."

கனியின் செருப்பைத் தாண்டிக் குளிர் ஏறியது. குனிந்து வெள்ளையை அள்ளினாள். கையில் கரைந்தது. நாக்கில் வைத்தாள். கரிக்கவில்லை.

உறைபனி! மண்டை பிளக்கும் இந்த வெயிலில்!

"முன்னல்லாம் கோடைக்குக் கோடை ஆள் விழும். இது வந்தப்புறம் ஒருத்தரும் விழல." அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்தாள். "அடைக்கவா வந்திய?"

கனி பக்கத்தில் படுத்தாள். முதுகுக்குக் கீழே ஒரு மாநகரத்தின் வெளிச்சம் முழுவதும் சின்ன முனகல்கூட இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"கனி, இன்னும் ஏறுது! அங்க என்ன நடக்குது?"

"நான் படுத்திருக்கேன் சார். இங்க இருக்கிற அக்காமாரோட ஒடம்புச் சூடுதான் உங்க இழப்பு. இப்ப நானும் சேந்துட்டேன்."

"வெளையாடாத. உறைய அடைச்சிட்டு வா."

"சென்னையில குளுந்தா நுகர்வு, இங்க குளுந்தா இழப்பா?"

மானியில் இரண்டே தலைப்பு: இழப்பு, நுகர்வு. இந்த இடத்தை இழப்பிலிருந்து எடுத்து நுகர்வில் போட்டாள். மின்சாரத்தைப் பங்கிடும் கணினி மூளைக்கு முகம் பார்க்கத் தெரியாது. புது நுகர்வோருக்கு உரிய பங்கைச் சென்னையில் எல்லோரிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து ஒதுக்கியது. அந்த மின்சாரத்தில் குளிர்திரவம் இந்தப் பக்கம் கூடுதலாக ஓடியது. கண்ணெதிரே உறைபனி வரப்பு நெடுக வெள்ளையாகப் பூத்துக்கொண்டே போனது. பெண்கள் எழுந்து அதை அள்ளி அள்ளி முகத்தில் பூசிக்கொண்டார்கள்.

காதுக்குள் ராஜகோபால் செருமினார். "என்னம்மா இது, இங்க லேசா புழுங்குதே?"

"அப்படியா சார்? இழப்புன்னு எழுதிக்கிறேன்."