ஹெல்சிங்கிக் கை

பொட்டலம் வந்து சேர நாற்பத்தொரு நாள் ஆனது. ஹெல்சிங்கியிலிருந்து தாலின், அங்கிருந்து துபாய், துபாயிலிருந்து பெங்களூரு. பெங்களூருச் சுங்கத்தில் பதினோரு நாள் தூக்கம். பிறகுதான் ஓசூர். செம்பியன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து அதைப் பிரித்தான். சாப்பிடுவதற்குக்கூட அவன் அவ்வளவு நேரம் கழுவியதில்லை.

உள்ளே ஒரு ஜோடி திறன்கையுறை. தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரின் விரலசைவுகள் அதில் பதிந்திருக்கும். மாட்டிக்கொண்டவனின் விரல்களை அது அப்படியே இழுத்து ஆட்டிவைக்கும். அவன் செய்ய வேண்டியதெல்லாம் குறுக்கே வராமல் இருப்பது மட்டுமே. 2061இல் இது இல்லாமல் எந்தக் கணினி ஆட்டத்திலும் முதல் சுற்றைக்கூடத் தாண்ட முடியாது.

இதே வகை உறை பாகலூர் சாலைக் கடையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அட்டையில் 'ஓசூர்க் கை' என்று அச்சடித்திருந்த ஒரே குற்றத்துக்காக அதை யாரும் சீண்டவில்லை. வடவொளி என்ற அந்த ஹெல்சிங்கி அங்காடியோ இந்தியாவுக்குப் பொருள் அனுப்புவதே இல்லை. அதனாலேயே எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. தாலினில் ஓர் இடைமுகவரியை வாடகைக்குப் பிடித்து, வாங்கியதை அங்கே இறக்கி, இங்கே வரவழைத்தார்கள். அந்தப் பாடு பட்டவர்களுக்கென்றே ஒரு குழுவும் இருந்தது. அதில் சேர்ந்தவர்கள் தெருவில் நடக்கும் நடையே வேறு.

"லோக்கல் கையெல்லாம் மாவு பிசையத்தான் லாயக்கு," என்றான் செம்பியன் மனைவியிடம். "இது ஃபின்லாந்துக் கை. டிசிப்ளினைப் பாரு."

ஆதிரை அப்போதுதான் சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு கைப்பதிவகத்தில் அவளுக்கு வேலை. விரல்களில் உணரிகளை ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கணினி ஆட்டம் ஆடுவாள். பதிவுகள் எந்த ஊருக்குப் போகின்றன என்று அங்கே யாரும் சொல்வதில்லை. "பொம்மை ஆட்டிச் சம்பளம் வாங்குறா," என்று செம்பியன் நண்பர்களிடம் சிரிப்பான். அவன் ஆடினால் வீரன், அவள் ஆடினால் பொம்மையாட்டி. ஆறு வருடக் குடித்தனத்தில் இந்தக் கணக்கு அவனுக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை.

அவன் ஆடிய ஆட்டத்தின் பெயர் முற்றுகை. பன்னிரண்டு நொடிக்கு ஒருமுறை கோட்டைக் கதவு திறக்கும். அந்த இடைவெளியில் வலக்கை உறை ஒரு வேலை செய்தது. கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்கணுவில் தொடங்கி, ஒவ்வொரு கணுவாகத் தொட்டு, ஆள்காட்டி விரலின் நுனிக்கணுவில் முடித்தது. நடுவில் ஏழாவது கணுவில் மட்டும் ஒரு சின்னத் தயக்கம்.

ஓசூர் சந்தையில் கீரைக்கட்டு விற்பவரும் இப்படித்தான் எண்ணுவார். செம்பியனின் அம்மா இப்படித்தான் எண்ணினாள். ஆனால் ஹெல்சிங்கியிலிருந்து வந்ததால் குழுவில் ஒருவருக்கும் அது எண்ணுவதாகவே படவில்லை. 'வடதுருவ மூச்சுமுறை' என்றார்கள். பெங்களூரில் ஒருவர் அதற்கு வகுப்பே தொடங்கினார். ஏழாவது கணுவின் தயக்கத்தைத்தான் அவர் கடைசியாகச் சொல்லிக்கொடுத்தார், அது ஆழ்நிலையாம். படித்தவர்கள், மெத்தப் படித்தவர்கள், வரிசையில் உட்கார்ந்து தங்கள் விரலைத் தாங்களே தொட்டுப் பழகினார்கள்.

செம்பியன் மாவட்டத்தில் ஜெயித்தான். மாநிலத்தில் ஜெயித்தான். மிச்சமிருந்தது தென்மண்டல இறுதி ஒன்றுதான். அதில் ஜெயித்தால் தேசிய அணியில் மூன்று வருட இடம். அதற்காகவே பார்த்த வேலையை விட்டிருந்தான். தொலைக்காட்சிக்காரர் பேட்டியில், மனைவி என்ன செய்கிறார் என்று கேட்டார். "வீட்லதான் இருக்காங்க," என்று கூசாமல் சொன்னான். சொன்னதை உண்மையாக்கிவிட வேண்டும் என்று அவனுக்கு அன்றே தோன்றியது.

"நீ அந்த வேலைய விட்டுடு. நாளைக்கு எவனாவது தோண்டி எடுத்தா எனக்குத்தான் அசிங்கம்."

ஆதிரை மேசைமேல் கிடந்த உறையைப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

பதினான்காம் தேதி அவள் விலகல் கடிதம் கொடுத்தாள்.

திறன்கையுறைக்கு வாரம் ஒருமுறை புத்தூட்டம் வரும். எதிராளிகள் மாறிக்கொண்டே இருப்பதால், கைக்குரியவரின் புதிய ஆட்டங்கள் அதில் சேர்ந்தாக வேண்டும். வராவிட்டால் உறை மந்தமாகிவிடும். இரண்டு வாரமாக வரவில்லை. சேலத்துப் பல் டாக்டர் ஒருவர் பயிற்சி ஆட்டத்தில் செம்பியனைத் துவைத்து எடுத்தார். அவன் பதறிப்போய் வடவொளிக்குப் புகார் எழுதினான். பதில் பணிவாக வந்தது: 'தாங்கள் அணிந்திருக்கும் கைக்குரியவர் சென்ற பதினான்காம் தேதி பணி விலகினார். காரணம், குடும்ப நிர்ப்பந்தம். வருந்துகிறோம்.'

தேதியை இரண்டு முறை படித்தான். அடுப்படியில் ஆதிரை, ஞாயிற்றுக்கிழமை அவனை வாழ்த்த வரப்போகிறவர்களுக்காக ஆள் எண்ணிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் கணுக்களில் ஏறியது. ஏழாவது கணுவில் நின்று, தயங்கி, நகர்ந்தது.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டான்.

"மொத நாளே. என் நடுவிரலு கதவுல நசுங்குச்சே, அதுலேர்ந்து அங்க வந்தா கொஞ்சம் நிக்கும். நீங்க மாட்டிக்கிட்டதும் உங்களுக்கும் நின்னுச்சு."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா கழட்டிப் போட்டிருப்பீங்க."

அந்த இடத்தில் மனிதனாகப் பிறந்தவன் ஏதாவது சொல்லியிருப்பான். செம்பியன் சொன்னது: "சரி, நாளைக்கே போயி திரும்பச் சேந்துடு. ஃபைனலுக்குப் பத்து நாள்தான் இருக்கு."

"சேந்துட்டேங்க. வாங்குனவங்கல்லாம் அந்தக் கைதான் வேணும்னு சண்டை போட்டாங்களாம். அவங்களே கூப்புட்டாங்க. ஆனா இங்க இல்ல, ஹெல்சிங்கில. விசா வந்துடுச்சு, வியாழக்கிழமை ஃப்ளைட்டு."

"அப்ப நான்?"

"உங்களுக்கென்னங்க? இனிமே அது நெசமாவே ஃபின்லாந்துக் கை."

வியாழக்கிழமை அவள் போனாள். வழியனுப்பக்கூட அவன் போகவில்லை. இனிப் புதுப் பதிவுகள் பழைய உறைக்கு வராது, புது உறையில்தான் வரும் என்று தெரிந்து, அந்த நேரத்தில் முன்பதிவு செய்துகொண்டிருந்தான். இறுதி ஆட்டத்தைப் பழைய உறையோடு ஆடி நான்கே நிமிடத்தில் தோற்றான். அணியில் அந்த இடம் சேலத்துப் பல் டாக்டருக்குப் போயிற்று. அவர் அணிந்திருந்தது பாகலூர் சாலையில் தொங்கிய சரக்குத்தான்.

குழுவில் இரண்டு நாள் துக்கம் விசாரித்தார்கள். பிறகு புதிய ஹெல்சிங்கிக் கை வந்துவிட்டதென்று எல்லோரும் அதற்குப் பாய்ந்தார்கள். அந்தக் கையோடு மாநிலம் வரை ஜெயித்தவன் என்ற மரியாதை மட்டும் செம்பியனுக்கு மிஞ்சியிருந்தது. அது ஓசூர்ப் பெண் ஒருத்தியின் கை என்று தெரிந்தால் அதுவும் போய்விடும்.

"ப்ரோ, அந்தக் கைக்குச் சொந்தக்காரங்க யாரு? உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒருவன் கேட்டிருந்தான்.

 "எனக்கு அவங்களைத் தெரியாது," என்று செம்பியன் எழுதினான். பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் எழுதினான்.